மெட்ராஸ் தெருவில் ஒரு பகல்

“அப்பா, இங்க மெட்ராஸ் ஸ்ட்ரீட் இருக்கு!”

ஹோட்டல் மேசையில் விரித்துவைத்த வரைபடத்தின்மேல் என் மகளின் விரல் நின்றது. அவளுக்குப் பத்து வயது. கையில் ஒரு வரைபடம் கிடைத்துவிட்டால் காலை உணவுகூட வேண்டாம். “கொஞ்சம் தள்ளி கொழும்பு ஸ்ட்ரீட்டும் இருக்கு.”

என் மாமியார் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் தேடினார். “நியூசிலாந்துல வந்து யாரு நம்ம ஊருப் பேரை வச்சது?”

நம்மவர் யாரும் வைக்கவில்லை. 1850இல் கிறைஸ்ட்சர்ச் நகரைத் திட்டமிட்ட ஆங்கிலேயர்கள், ஆங்கிலிக்கன் திருச்சபையின் மறைமாவட்டப் பெயர்களை எடுத்துத் தெருக்களுக்கு வைத்துவிட்டார்கள். பார்படோஸ், மாண்ட்ரியல், மெட்ராஸ், கொழும்பு எல்லாம் ஒரே ஊருக்குள் நடக்கும் தொலைவில் இருப்பது அதனால்தான். இதைச் சொன்னதும் மாமியாருக்குச் சற்று ஏமாற்றம். இருந்தாலும், “மெட்ராஸுக்குப் போயிட்டு வந்துடலாம்” என்று சால்வையை எடுத்துக்கொண்டார்.

சிங்கப்பூரிலிருந்து கிறைஸ்ட்சர்ச்சுக்கு நேரடி விமானம் உண்டு. ஏறக்குறைய பத்து மணி நேரப் பயணம். நம்மவர்களில் பலர் அங்கே இறங்கியதும் வாடகைக் காரை எடுத்துக்கொண்டு டெக்காபோ ஏரிக்கும் குயீன்ஸ்டவுனுக்கும் ஓட்டிப்போய்விடுவார்கள். 2024 டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு நான் போட்ட திட்டமும் அதேதான். என் கணவர்தான் ஒரு நாள் கேட்டார். “ஒரே ஒரு நாள் அந்த ஊர்ல இருப்போம். ஒரு இடத்தைப் பார்க்கணும்.”

எந்த இடம் என்று அவருக்கே தெரியவில்லை. கைப்பேசியில் ஒரு பழைய படம் மட்டும் வைத்திருந்தார். சீருடையில் ஒல்லியாக அவர் நிற்கிறார். பின்னால் கம்பி வேலி. வேலிக்கு அப்பால் மூலையில் வாசல் வைத்த இரண்டு மாடிச் செங்கல் கட்டடம். சுவரில் பாதி உதிர்ந்த ஒரு விளம்பர எழுத்து.

2011 பிப்ரவரி 22. உள்ளூர் நேரம் பிற்பகல் 12.51. சிங்கப்பூரில் காலை 7.51. நான் பெருவிரைவு ரயிலில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். எங்களுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. அவர் அப்போது ஆயுதப் படையில் இருந்தார். பயிற்சிக்காக நியூசிலாந்து போயிருந்தார். கிறைஸ்ட்சர்ச்சில் நிலநடுக்கம் என்று அலுவலகத்தில் யாரோ சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. மாலையில் வந்தது ஒரு வரிக் குறுஞ்செய்தி: நலம், வேலை இருக்கிறது.

அந்த வேலை நகர மையத்தைச் சுற்றிப் போட்ட தடுப்பில் காவல் நிற்பது. பயிற்சிக்காக அங்கே போயிருந்த சிங்கப்பூர் வீரர்கள் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் நியூசிலாந்து ராணுவத்துடன் சேர்ந்து அந்தப் பணியைச் செய்தார்கள். நம் குடிமைத் தற்காப்புப் படையின் மீட்புக் குழு ஒன்றும் போனது. திரும்பி வந்தவர் குளிரைப் பற்றிச் சொன்னார், ராணுவச் சாப்பாட்டைப் பற்றிச் சொன்னார். வேறெதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பதின்மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன.

காலையில் முதலில் தேவாலயச் சதுக்கத்துக்குப் போனோம். நகரின் நடுப்புள்ளி அதுதான், பெயரும் அந்தத் தேவாலயத்தால் வந்தது. 1881இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட கற்கோவில். அதன் கூர்கோபுரம் நிலநடுக்கத்தில் அடிபடுவது புதிதல்ல. 1888லும் 1901லும் சேதமாகிச் செப்பனிடப்பட்டது. 2011இல் முழுதாகச் சரிந்தது. கோபுரத்துக்குள் இருபதுக்கும் மேற்பட்டோர் சிக்கிக்கொண்டதாக முதலில் அஞ்சினார்கள். தேடி முடித்தபோது உள்ளே யாருமே இல்லை.

அது இன்னும் உடைந்தபடிதான் நிற்கிறது. முன்பக்கம் திறந்துகிடக்க, எஃகுச் சட்டங்கள் முட்டுக்கொடுக்க, சுற்றிலும் வேலி. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்றது திருச்சபை. கூடாது, இது ஊரின் பாரம்பரியச் சொத்து என்று ஒரு தரப்பினர் நீதிமன்றம் போனார்கள். பழையபடியே சீரமைப்பது என்று முடிவெடுக்கவே 2017 ஆனது. வேலை தொடங்கி, செலவு ஏறி, 2024 ஆகஸ்டில் பணம் போதாமல் நிறுத்திவிட்டார்கள். நாங்கள் போனபோது வேலிக்குப் பின்னால் ஓர் ஆள்கூட இல்லை.

“பதிமூணு வருஷமாவா?” என்றாள் மகள். அவள் கேட்டதில் வியப்பில்லை. ஒட்டுமொத்த விற்பனைக்குப் போன அடுக்குமாடி ஒன்று எங்கள் வீட்டுச் சன்னலுக்கு எதிரே இடிக்கப்பட்டு, அதே இடத்தில் இரண்டு மடங்கு உயரத்தில் எழுந்ததை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். நம் ஊரில் ஒரு கட்டடம் போனால் துக்கம் கொண்டாடக்கூட நேரம் கிடைப்பதில்லை. எனக்கும் முதலில் எரிச்சல்தான் வந்தது, இத்தனை ஆண்டு என்ன செய்தார்கள் என்று. சதுக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்ததில் அது கொஞ்சம் தணிந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் அந்த இடிபாட்டை ஒரு முறையாவது நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

சதுக்கத்தின் இன்னொரு பக்கம் நேர் எதிர்க் காட்சி. தூராங்கா என்ற மைய நூலகம், 2018 அக்டோபரில் திறந்தது. ஐந்து மாடி, பொன்னிறத் தகடு போர்த்திய முகப்பு. தூராங்கா என்றால் மாவோரி மொழியில் அடித்தளம் என்று பொருள். நிலம் அசையும்போது அதன் கான்கிரீட் சுவர்கள் சற்றே ஆடி, மறுபடி தம் இடத்துக்கே வந்து நிற்கும்படி கட்டியிருக்கிறார்கள். ஆடாமல் விறைத்து நிற்பதுதான் பலம் என்று நினைத்திருந்த என் ஆறு வயது மகன், அதைக் கேட்டதிலிருந்து மாடிப்படி முழுக்க ஆடிக்கொண்டே ஏறினான். சிறுவர் தளத்திலிருந்து அவனைக் கிளப்ப ஒரு மணி நேரம் பிடித்தது. கிளப்பியதே மார்கரெட் மாஹி விளையாட்டுத் திடலின் பெயரைச் சொல்லித்தான். 2015 டிசம்பரில் திறந்த பெரிய திடல் அது; பெயர் இந்நாட்டுச் சிறுவர் நூலாசிரியருடையது. இடிந்த நகரத்தில் பெரிய அலுவலகங்கள் பலவற்றுக்கு முன்பே பிள்ளைகளுக்கு ஓர் இடம் தயாராகிவிட்டது. சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் மாற்றுடை எடுத்துச் செல்லுங்கள். தண்ணீர் விளையாட்டு உண்டு. நாங்கள் எடுத்துப் போகவில்லை.

இடையிடையே என் கணவர் கைப்பேசியை உயர்த்தி, படத்தையும் தெருமுனையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பொருந்தவில்லை. பொருந்த வழியும் இல்லை. நகர மையத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் இடிக்கப்பட்டன. புதிய கண்ணாடிக் கட்டடம், பக்கத்தில் சரளைக்கல் கொட்டிய கார் நிறுத்துமிடம், அடுத்து சுவரோவியம் வரைந்த ஒற்றைச் சுவர், மறுபடி புதிய கட்டடம். பல்வரிசையில் சில பற்கள் போய், சில புதிதாகக் கட்டியதைப் போல் இருந்தது ஊர்.

மதியம் ஏவன் ஆற்றங்கரையில் இருக்கும் ரிவர்சைட் சந்தையில் சாப்பிட்டோம். சைவத்துக்குக் குறைவில்லை, மாமியாருக்கும் வயிறு நிறைந்தது. 2011 அக்டோபரிலேயே இந்த வட்டாரத்தில் கப்பல் கொள்கலன்களை அடுக்கி, வண்ணம் பூசி, கடைவீதி நடத்தியிருக்கிறார்கள். 2018 ஜனவரி வரை அது இருந்தது. “எல்லாம் கட்டி முடியட்டும்னு காத்திருந்தா வியாபாரிங்க என்ன ஆகியிருப்பாங்க?” என்றார் மாமியார். கடை நடத்திய குடும்பத்தில் பிறந்தவர்.

ஆற்றோரமாகவே நடந்தால் நினைவுச் சுவர் வருகிறது. நிலநடுக்கத்தின் ஆறாம் ஆண்டு நினைவு நாளில், 2017 பிப்ரவரி 22இல் திறந்தது. நீண்ட வெள்ளைப் பளிங்குச் சுவரில் 185 பெயர்கள். எதிர்க்கரையில் மரங்கள், நடுவே சலசலக்கும் ஆறு. பெயர்களின் வகைவகையான ஓசையிலேயே எத்தனை நாட்டவர் என்பது தெரிந்துவிடும்.

மகளுக்கு ஒரு சந்தேகம். நூலகத்தில் படித்திருக்கிறாள். 2010 செப்டம்பர் 4இல் வந்தது 7.1 ரிக்டர், அதில் யாரும் நேரடியாக இறக்கவில்லை. அடுத்த பிப்ரவரியில் வந்தது 6.3தான். சின்னது எப்படி இத்தனை பேரைக் கொன்றது? முதலாவது விடிகாலை 4.35க்கு, ஊருக்கு வெளியே வந்தது. தெருக்கள் காலியாக இருந்தன. இரண்டாவது நகரத்துக்கு மிக அருகே, சுமார் ஐந்து கிலோமீட்டர் ஆழத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. முதலாவதில் தளர்ந்துபோன கட்டடங்கள் இரண்டாவதைத் தாங்கவில்லை.

இதை அவளுக்கு விளக்கியவர் அவள் அப்பா. விளக்கி முடித்தவர் நிறுத்தவில்லை. சுவரைப் பார்த்தபடியே பேசிக்கொண்டு போனார்.

“நான் நின்ன மூலைக்குத் தினமும் ஒரு அம்மா வருவாங்க. சைக்கிள்ல. ஐம்பத்தஞ்சு வயசு இருக்கும். ஏவன்சைட்ல வீடு. வீட்டுக்குள்ள முழங்கால் வரைக்கும் சேறுன்னு சொன்னாங்க. அவங்க கார் உள்ள ஒரு அடுக்குமாடி கார்ப்பேட்டையில மாட்டிக்கிச்சு. காருக்குள்ள அவங்க அம்மாவோட தையல் மெஷின். அன்னிக்குக் காலையிலதான் ரிப்பேருக்குக் கொண்டு வந்திருக்காங்க. இன்னிக்கு உள்ள விடுவீங்களான்னு கேட்பாங்க. முடியாதுன்னு சொல்லணும், அதான் ஆர்டர். நாலு நாள் சொன்னேன். அஞ்சாவது நாள் கேட்கவே இல்ல. ஒரு டப்பா பிஸ்கட் குடுத்துட்டு, நீ சாப்பிட்டியான்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க.”

“அப்புறம் மெஷின் கிடைச்சுதா?” என்றான் மகன்.

“தெரியலடா. நாங்க கிளம்பிட்டோம்.”

தடுப்பு முழுவதுமாக நீக்கப்பட்டது 2013 ஜூன் 30இல்தான். இரண்டு ஆண்டுகளுக்கும் மேல். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. யாரையும் இடிபாட்டிலிருந்து தூக்கிய கதையல்ல அவருடையது. ‘முடியாது’ என்று சொல்லிக்கொண்டு நின்ற கதை. அதை விருந்துகளில் சொல்ல முடியாது.

பிறகு மாமியார் கேட்ட மெட்ராஸ் தெரு. அங்கே முதலில் கண்ணில் படுவது அட்டைத் தேவாலயம். கற்கோவில் போன பிறகு தற்காலிகமாக வழிபட ஓர் இடம் வேண்டியிருந்தது. ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான் கட்டணம் வாங்காமல் வரைந்து கொடுத்தார். 2013 ஆகஸ்டில் திறந்தது. பக்கவாட்டில் கப்பல் கொள்கலன்கள், மேலே தடித்த அட்டைக் குழாய்களைச் சாய்த்து அடுக்கிய முக்கோணக் கூரை, எழுநூறு பேர் உட்காரலாம். முழுக்க அட்டை என்று நினைத்துவிடாதீர்கள். மரமும் எஃகும் கான்கிரீட்டும் துணைக்கு இருக்கின்றன. மகன் ஒரு குழாயைத் தட்டிப் பார்த்துவிட்டு, “பெட்டி சத்தம்” என்றான்.

அங்கே வருகிறவர்களை வரவேற்கும் தொண்டூழியர் ஒருவர், வெள்ளைத் தலைமுடிப் பெண்மணி. என் கணவர் தயங்கித் தயங்கிப் படத்தைக் காட்டினார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “இது லிச்ஃபீல்டு தெரு மூலை” என்றார். பக்கத்தில் நின்ற முதியவர் எட்டிப் பார்த்து, “இல்லவே இல்லை, இது மான்செஸ்டர் தெரு” என்றார். இருவருக்கும் வாக்குவாதம். அந்த மூலையில் இருந்தது செருப்புக் கடையா, இசைக்கருவிக் கடையா என்று தொடங்கி எங்கெங்கோ போனது. பிறந்ததிலிருந்து இந்த ஊரிலேயே இருப்பவர்கள். கடைசியில் அந்தப் பெண்மணி சிரித்துவிட்டார். “இப்போதெல்லாம் எங்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. எது எங்கே இருந்தது என்று எங்களுக்கே மறந்துவிட்டது” என்றார். பிறகு என் கணவரின் தோளைத் தொட்டு, “நீங்கள் அந்தப் பையன்களில் ஒருவரா?” என்று கேட்டார். அவர் தலையாட்டினார். ஒரு நன்றி, ஒரு கைகுலுக்கல். வேறு பேச்சில்லை.

அதே மெட்ராஸ் தெருவில் சற்றுத் தெற்கே நடந்தால் ஒரு சிறிய தோட்டம். ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் பெயரால் அழைக்கப்பட்ட ஆறு மாடிக் கட்டடம் இங்கேதான் இருந்தது. 185 பேரில் 115 பேர் இந்த ஒரே இடத்தில் இறந்தார்கள். அவர்களில் பலர் இங்கிருந்த மொழிப் பள்ளியில் ஆங்கிலம் படிக்க ஜப்பான், சீனா, பிலிப்பீன்ஸ் என்று பல நாடுகளிலிருந்து வந்திருந்தவர்கள். கட்டடத்தின் வடிவமைப்பிலேயே குறை இருந்தது என்று பின்னர் அரச விசாரணை ஆணையம் கண்டது. ஆனாலும் யார்மீதும் குற்றவியல் வழக்கு தொடுப்பதில்லை என்று 2017இல் காவல்துறை முடிவெடுத்தது. எதிர்ப்புறம் புதிய விளையாட்டரங்கின் எஃகுக் கூரை வானளாவ எழுந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்திலும் தோட்டத்துக்குள் ஓர் அமைதி.

காலையிலிருந்து கால்வலி என்று முனகிக்கொண்டிருந்த மாமியார் ஓர் இருக்கையில் உட்கார்ந்தார். “ஆறு மாடியா?” என்று மறுபடி கேட்டார். “நியூ வோர்ல்டும் ஆறு மாடிதான்.”

பிள்ளைகளுக்குப் புரியவில்லை. எனக்கே பள்ளிப் பாடத்தில் படித்ததுதான். 1986 மார்ச் 15. சிராங்கூன் சாலையில் நியூ வோர்ல்டு ஹோட்டல் ஒரு நிமிடத்துக்குள் தரைமட்டமானது. 33 பேர் இறந்தார்கள், 17 பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள். நம் மண்ணில் நிலநடுக்கம் ஏதுமில்லை. கட்டடத்தின் சொந்த எடையையே கணக்கில் சேர்க்காமல் வடிவமைத்திருந்தார்கள் என்று விசாரணையில் தெரியவந்தது. அப்போது மாமியாருக்குத் திருமணமாகிச் சில ஆண்டுகள். வீடு நடக்கும் தூரத்தில். “வயித்துல இவன் தம்பி. உங்க தாத்தா ராத்திரியெல்லாம் அங்கேயே நின்னுக்கிட்டு இருந்தாரு. பெருவிரைவு ரயிலுக்குச் சுரங்கம் தோண்டிக்கிட்டிருந்த வெளிநாட்டுக்காரங்கதான் உள்ள ஊர்ந்து போய் ஆளுங்களை எடுத்தாங்க. ஐரிஷ்காரங்க, ஜப்பான்காரங்க. தாத்தா ஒரு தூக்குல டீ போட்டு எடுத்துட்டுப் போவாரு.”

என் கணவர் தன் அம்மாவை வியப்பாகப் பார்த்தார். “இதை எங்கிட்ட சொன்னதே இல்லையேம்மா.”

“நீ கேட்டியா?”

நியூசிலாந்தில் டிசம்பரில் இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம். அந்தத் தெம்பில் காரை எடுத்துக்கொண்டு ஏவன்சைட் பக்கம் போனோம். நகர மையத்திலிருந்து கிழக்கே சில நிமிட ஓட்டம்தான். இந்த நகரத்தின் பெரும்பகுதி ஒரு காலத்தில் சதுப்பு நிலம். கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் ஈர மணலைக் காலால் தட்டிக்கொண்டே இருந்தால் அது குழைந்து தண்ணீர் மேலே வருமே, நிலம் குலுங்கியபோது அதுதான் இங்கே ஊரளவில் நடந்தது. சாம்பல் நிறச் சேறு தரையைப் பிளந்துகொண்டு பொங்கியது. மாணவர்கள் ஆயிரக்கணக்கில் மண்வெட்டியோடு வந்து வாரினார்கள். ஆனால் அந்த நிலத்தில் மறுபடி வீடு கட்ட முடியாது என்று அரசு தீர்மானித்தது. நகரம் நெடுக ஏறத்தாழ எட்டாயிரம் வீடுகளை விலைக்கு வாங்கி இடித்தார்கள். அதைச் சிவப்பு மண்டலம் என்கிறார்கள்.

சிவப்பாக ஏதுமில்லை, எங்கு பார்த்தாலும் பச்சை. சாலை இருக்கிறது, வீடு இல்லை. புல்வெளியில் ஆங்காங்கே ஒரு பழமரம், ஒரு ரோஜாப் புதர், நேர்கோட்டில் நிற்கும் ஒரு செடிவரிசை. மாமியார் காரிலிருந்து இறங்கிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு நடந்தார். “இது வேலியோரச் செடி. அப்ப இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் ஒரு வீடு. எலுமிச்சை இங்க இருக்குன்னா அடுப்படி பக்கத்துலதான் இருந்திருக்கும்.” மரத்தில் பழம் இருந்தது. பறிக்கலாமா என்று என்னைப் பார்த்தார். பிறகு தானே வேண்டாம் என்று கையை இழுத்துக்கொண்டார்.

என் கணவர் படத்தை எடுக்கவில்லை. இங்கே அந்தப் படத்துக்கு வேலையும் இல்லை. அந்த அம்மா எந்தத் தெருவில் இருந்தார் என்பதும் அவருக்குத் தெரியாது. சாலையோரமாக மெல்ல நடந்துகொண்டிருந்தார், அவ்வளவுதான்.

சாலை விளிம்பில் ஆங்காங்கே கல் தாழ்ந்திருப்பதை முதலில் கவனித்தவன் மகன். “ஏன் இங்க மட்டும் சரிவா இருக்கு?” கார் வீட்டுக்குள் போகும் வழி அது என்று அவன் அப்பா சொன்னார். வீடு போய்விட்டது, வாசல் சரிவு மட்டும் மிச்சம். அதன்பின் அவனுக்கு அது விளையாட்டாகிவிட்டது. ஒவ்வொரு சரிவிலும் குதித்து நின்று எண்ணத் தொடங்கினான். அவன் அப்பாவும் கூடவே போனார். வளைவு திரும்பும்வரை இருவர் குரலும் கேட்டது. பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று.